அவசர மருத்துவத் தகவலை இணையத்தில் தேடிச் சரிபார்ப்பது எப்படி: பாம்புக்கடியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இது ஆபத்து எதுவும் இல்லாத ஒரு நாளில், வீட்டில் அமர்ந்து, இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலைக்கான வழிகாட்டி. ஒருவரைப் பாம்பு கடித்த பிறகோ ஒருவர் மூச்சுப் பேச்சின்றி விழுந்த பிறகோ தேடல் பெட்டியைத் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் கைப்பேசிக்கு உள்ள ஒரே வேலை ஆம்புலன்ஸை அழைப்பதுதான்: தமிழ்நாட்டில் 108, இந்தியா முழுவதற்கும் பொதுவாக 112, இலங்கையில் 1990. அழைப்பை ஏற்பவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவர் தரும் அறிவுரைப்படி நடப்பது எந்த இணையப் பக்கத்தைப் படிப்பதையும் விடப் பயன் தரும்.

உதாரணமாகப் பாம்புக்கடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். மருத்துவமனையை அடையாமலே இறந்தவர்களும் மிகப் பலர். மறுபக்கம், பாம்புக்கடியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் செய்திகளில் கயிறு கட்டுவது, கீறி இரத்தத்தை வெளியேற்றுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது என எல்லாம் கலந்து கிடக்கின்றன. இவற்றுக்கு நடுவே சரியானதைக் கண்டெடுக்கப் பழகியவர் மாரடைப்புக்கும் வலிப்புக்கும் தீக்காயத்துக்கும் அதே முறையைக் கையாளலாம்.

முதற்படி: கேள்வியைப் பிரித்துக்கொள்வது

‘பாம்பு கடித்தால் என்ன செய்வது’ என்பது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வரும்வரை உடன் இருப்பவர் செய்ய வேண்டியது என்ன? நம் ஊரிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்? அங்கே மருத்துவர் என்ன சிகிச்சை தருவார்? இவற்றைப் பிரிக்காமல் தேடுகிறவர், மருத்துவருக்காக எழுதப்பட்ட பக்கத்திலிருந்து மருந்தளவைப் படித்துப் பயந்துபோகிறார், அல்லது விளம்பரத்துக்காக எழுதப்பட்ட கட்டுரையில் முதலுதவி கற்கிறார்.

முதல் கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம், இந்திய சுகாதார அமைச்சகம், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை பொதுமக்களுக்காக வெளியிடும் பக்கங்கள் போதும். மூன்றாம் கேள்விக்கு மருத்துவர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2016-இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியும், இந்திய சுகாதார அமைச்சகத்தின் தரநிலைச் சிகிச்சை வழிகாட்டியும் அத்தகையவை. இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாம் கேள்விக்கு இணையத்தில் நம்பகமான பதில் கிடைக்காது. அதற்கான வழியைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: தேடுசொற்களைத் தேர்ந்தெடுப்பது

தமிழில் மட்டும் தேடினால் நாட்டு வைத்தியக் குறிப்புகளும் காணொளிகளும் முன்னே வரும். ஆங்கிலத்தில் பொதுவாகத் தேடினால் அமெரிக்க, ஆஸ்திரேலியப் பக்கங்கள் முன்னே வரும். இரண்டுமே நமக்கு முழுமையாகப் பொருந்தாதவை. ஆகவே ஆங்கிலத் தேடுசொல்லுடன் ‘இந்தியா’ என்பதையும் ‘வழிகாட்டு நெறிமுறை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லான ‘கைட்லைன்’ என்பதையும் சேர்க்க வேண்டும். விஷமுறிவு மருந்தை மேலை நாட்டவர் ‘ஆன்டிவெனம்’ என்றும் ‘ஆன்டிவெனின்’ என்றும் எழுத, இந்திய மருத்துவ ஆவணங்கள் பெரும்பாலும் ‘ஏஎஸ்வி’ என்ற சுருக்கத்தையே பயன்படுத்துகின்றன. இந்தச் சுருக்கத்தை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துத் தேடினாலே இந்திய ஆவணங்கள் மேலே வரத் தொடங்கும்.

கூகுள் தேடலில் இன்னொரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். உலக சுகாதார நிறுவனத்தின் முகவரியையோ, இந்திய அரசுத் தளங்களின் பொதுவான முடிவான ‘ஜிஓவி டாட் இன்’ என்பதையோ இவ்வாறு சேர்த்தால் விளம்பரக் கட்டுரைகள் பெரும்பாலும் விலகிவிடும். தேடல் முடிவுகளின் உச்சியில் ‘விளம்பரம்’ என்ற குறிப்புடன் வருபவற்றைத் திறக்காமலே கடந்து செல்லலாம்.

மூன்றாம் படி: அது எந்த நாட்டுப் பாம்பைப் பற்றிப் பேசுகிறது?

அவசர மருத்துவத் தகவலில் மிகுதியாக ஏமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏனெனில் இங்கே நம்மைத் தவறவைப்பது பொய்யான தகவல் அன்று. வேறோர் இடத்துக்கு முற்றிலும் உண்மையான தகவல்.

ஆஸ்திரேலிய முதலுதவிப் பக்கங்கள், கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான மீள்தன்மைத் துணியால் அழுத்தமாகச் சுற்றி, அசையாமல் வைக்கச் சொல்கின்றன. 1970-களின் இறுதியில் ஸ்ட்ரூவன் சதர்லாந்து என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் முன்வைத்த அந்த முறை, நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள பாம்புகள் மிகுந்த அந்த நாட்டுக்குப் பொருந்துகிறது. இந்தியாவில் மிகுதியான உயிரிழப்புக்குக் காரணமான நான்கு பாம்புகளில் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பவை. விரியன் கடித்த இடத்தில் வீக்கமும் தசைச் சேதமும் ஏற்படக்கூடும் என்பதாலும், பயிற்சி இல்லாதவர் கட்டும் கட்டு இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் என்பதாலும், இந்தியாவில் பொதுமக்களுக்குச் சொல்லப்படும் முதலுதவி எளிமையானது: எலும்பு முறிந்த காலைப் போல அட்டையோ குச்சியோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது.

மருந்தளவிலும் இதே சிக்கல்தான். அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியன் போன்ற பாம்புகளுக்கான ‘குரோஃபாப்’ என்ற மருந்துக்குத் தொடக்க அளவு 4 முதல் 6 குப்பிகள் என்று அங்குள்ள பக்கங்கள் கூறும். இந்தியாவின் பன்முக விஷமுறிவு மருந்துக்குத் தேசிய நெறிமுறை 8 முதல் 10 குப்பிகள் என்று கூறும். இரண்டும் சரியானவை, ஆனால் இரண்டும் வெவ்வேறு பாம்புகளுக்கான வெவ்வேறு மருந்துகள். இந்திய மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அதற்கான நஞ்சின் பெரும்பங்கை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஆகவே ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது எந்த நாட்டுக்காக எழுதப்பட்டது, எந்தப் பாம்புகளின் பெயர்களைச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த நான்கு பெயர்களும் இல்லாத பக்கத்தைத் தமிழ்நாட்டு வாசகர் மூடிவிடலாம்.

நான்காம் படி: பக்கத்துக்குத் தேர்வு வைப்பது

ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று கண்டறிய, விடை நமக்கு முன்பே தெரிந்த சில கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. பாம்புக்கடிக்கு நான் பயன்படுத்தும் கேள்விகள் இவை.

பல் பதிந்த தடம் இல்லையென்றால் விஷக்கடி இல்லை என்று அந்தப் பக்கம் சொல்கிறதா? சொன்னால், எழுதியவருக்குக் கட்டுவிரியனைப் பற்றித் தெரியாது என்று பொருள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமல் போகலாம்; தடமே கண்ணில் படாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று தொடங்கி, இமைகள் சரிந்து, பேச்சு குழறி, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும் நிலை வரும். இதைச் சொல்லாத பக்கம் நம் ஊர் மக்களுக்கு உதவாது.

குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டு விஷமுறிவு மருந்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறதா? அதுவும் தவறு. பாம்பு குழந்தையைக் கடிப்பதால் குறைந்த நஞ்சைச் செலுத்துவதில்லை. முறிக்க வேண்டிய நஞ்சின் அளவுக்குத்தான் மருந்து தரப்படுகிறது என்பதால் பெரியவர்களுக்கான அளவே குழந்தைகளுக்கும் தரப்படுகிறது.

மருத்துவர்களுக்கான பக்கமாக இருந்தால், 20 நிமிட இரத்த உறைதல் சோதனையைப் பற்றிச் சொல்கிறதா என்று பார்க்கலாம். சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத மருத்துவமனையிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையைக் குறிப்பிடும் ஆவணம் நம் சூழலை அறிந்தவர்கள் எழுதியது.

கடித்த பாம்பை அடித்தோ பிடித்தோ கொண்டுவரச் சொல்கிறதா? அப்படிச் சொல்லும் பக்கத்தை உடனே மூடலாம். பாம்பைத் தேடுவதில் நேரம் வீணாகும். இரண்டாவது நபரும் கடிபடக்கூடும். மருத்துவர் பெரும்பாலும் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை தருவார்.

ஐந்தாம் படி: எழுதியவர் யார், செலவு யாருடையது?

பக்கத்தின் அடியிலோ ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியிலோ எழுதியவரின் பெயர், தகுதி, மருத்துவச் சரிபார்ப்புச் செய்தவரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். இந்திய மருத்துவர் என்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிவு இருப்பது மட்டும் போதாது. துறையையும் கவனிக்க வேண்டும். தோல் நோய் மருத்துவர் ஒருவர் மாரடைப்பு முதலுதவியைப் பற்றிக் காணொளி வெளியிடுவதற்குத் தடையில்லை, ஆனால் அதற்குரிய எடையை மட்டுமே நாம் அதற்குத் தர வேண்டும். அவசர மருத்துவம் இந்தியாவில் தனி முதுநிலைத் துறையாக 2009-இல்தான் அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே பாம்புக்கடியில் ஆழ்ந்த அனுபவமுள்ள மூத்தவர்கள் பலர் பொதுமருத்துவத் துறையினர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நம்பகத்தன்மைச் சின்னங்களை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஜெனீவாவைச் சேர்ந்த ‘ஹெல்த் ஆன் தி நெட்’ என்ற அறக்கட்டளை பல ஆண்டுகளாக மருத்துவத் தளங்களுக்குச் சான்று வழங்கிவந்தது. 2022 இறுதியில் அந்தச் சேவை நின்றுவிட்டது. இன்றும் அந்தச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் தளத்தைக் கண்டால், அந்தத் தளத்தை நீண்ட நாளாக யாரும் கவனிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். முதலுதவியைச் சொல்லிக்கொண்டே ஒரு தைலத்தையோ உறிஞ்சு கருவியையோ விற்கும் பக்கத்தைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

ஆறாம் படி: தேதி

அவசர மருத்துவத்தில் நல்ல தகவலுக்கும் காலாவதி உண்டு. இதயத் துடிப்பு நின்றவருக்கு முதலில் மூச்சுவழி, பிறகு சுவாசம், பிறகு நெஞ்சழுத்தம் என்று கற்பித்துவந்த அமெரிக்க இதயச் சங்கம், 2010-இல் நெஞ்சழுத்தத்தை முதலில் வைத்தது. தொண்டையில் உணவு அடைத்துக்கொண்ட பெரியவருக்கு வயிற்றழுத்தத்தை முதன்மையாகக் கூறிவந்த அதே சங்கம், 2025 நெறிமுறையில் முதுகில் 5 தட்டல், பிறகு 5 வயிற்றழுத்தம் என மாறிமாறிச் செய்யச் சொல்கிறது. பிரிட்டனில் முதுகில் தட்டுவதையே நெடுநாளாக முதலில் கற்பித்தனர். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் 14 ஊசிகள் என்ற பழைய நினைவு இன்னும் இணையக் கட்டுரைகளில் உலவுவதால், கடிபட்டவர்கள் மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுகிறார்கள். இன்று அந்த ஊசிகள் கையில் போடப்படுகின்றன; எண்ணிக்கையும் மிகக் குறைவு.

‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று காட்டும் தேதியை அப்படியே ஏற்க வேண்டாம். எழுத்துப்பிழை திருத்தினாலும் அந்தத் தேதி மாறும். பக்கம் எந்த ஆண்டின் நெறிமுறையைச் சுட்டுகிறது என்பதே உண்மையான தேதி. பாம்புக்கடியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அதை முன்னுரிமை தரவேண்டிய புறக்கணிக்கப்பட்ட நோய்களில் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்கும் இலக்கை 2019-இல் அறிவித்தது. இந்தியா 2024-இல் அதே இலக்குடன் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. இவற்றைப் பற்றிய குறிப்பே இல்லாத ஆவணம் பழையதாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஏழாம் படி: ஆய்வுக் கட்டுரையைப் படிக்க விரும்புவோருக்கு

செவிலிய மாணவர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள், ஆர்வமுள்ள பொதுவாசகர்கள் ஆகியோர் ‘பப்மெட்’ என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் ஆய்வுச் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அங்கே ஒரு கட்டுரை இருப்பது அதன் முடிவு உறுதியானது என்பதற்குச் சான்றாகாது.

‘இந்த மூலிகை பாம்பு நஞ்சை முறிப்பதாக ஆய்வில் நிரூபணம்’ என்று பகிரப்படும் செய்திகளின் மூலக் கட்டுரையைத் திறந்து, சோதனை எப்படி நடந்தது என்று பாருங்கள். பலவற்றில் நஞ்சையும் மூலிகைச் சாற்றையும் குழாயில் முன்கூட்டியே கலந்து வைத்து, அந்தக் கலவையை எலிக்குச் செலுத்தியிருப்பார்கள். வயலில் கடிபட்டவரின் உடலில் நஞ்சு முன்பே பரவத் தொடங்கியிருக்கும். அந்தச் சோதனை அவருடைய நிலையைக் காட்டுவதில்லை. இதற்கு நேரெதிராக, இலங்கையில் நடத்தப்பட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றைச் சொல்லலாம். விஷமுறிவு மருந்தால் வரும் ஒவ்வாமையைத் தடுக்க எது உதவும் என்று அறிய, 1,007 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். முன்கூட்டியே தரப்பட்ட குறைந்த அளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைத்தது. வழக்கமாகத் தரப்பட்டுவந்த ஹைட்ரோகார்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை. உண்மையான நோயாளிகள், ஒப்பிடும் குழு, நம் மண்டலத்துப் பாம்புகள் என மூன்றும் சேர்ந்த இத்தகைய ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஓர் ஆய்வின் முடிவை வேறு நோய்க்கு நீட்டிக்கவும் கூடாது. விபத்துக் காயத்தால் இரத்தம் இழப்பவர்களுக்கு, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘கிராஷ்-2’ ஆய்வு 2010-இல் காட்டியது. அதே மருந்து குடல் இரத்தக்கசிவில் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020-இல் ‘ஹால்ட்-இட்’ ஆய்வு காட்டியது. கட்டுரையின் தலைப்புக்கு மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழே கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றி 2020 மே மாதம் வெளியிட்ட கட்டுரையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற நேர்ந்தது.

எட்டாம் படி: பகிரப்படும் செய்திகளும் செயற்கை நுண்ணறிவின் பதில்களும்

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் தொடர்ந்து பலமாக இரும வேண்டும் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்காதவர் குறைவு. இதற்கு ஒரு மூலம் உண்டு: இதயக் குழாய்ப் பரிசோதனையின்போது துடிப்பு திடீரெனச் சீர்கெட்ட நோயாளிகளை, கருவிகள் சூழ, மருத்துவர் அருகிருக்க இருமச் செய்ததைப் பற்றி 1976-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. அந்தச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து வீட்டுக்கான அறிவுரையாக மாற்றியதே இன்றைய செய்தி. அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பரிந்துரைக்கவில்லை. பக்கவாதத்துக்கு விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்வதும், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் எந்த அடிப்படையும் இல்லாதவை. அவை மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைத் தின்கின்றன. இத்தகைய செய்தி ஒரு மருத்துவமனையின் பெயரோடு வந்தால் அந்த மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் பெரும்பாலும் உண்மை சரிபார்ப்புப் பக்கங்களே முதலில் வரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சரளமான தமிழில் பதில் தருகின்றன. பதில் சரியானாலும் தவறானாலும் அந்தச் சரளம் குறைவதில்லை என்பதால் நடையைக் கொண்டு உண்மையைக் கணிக்க முடியாது. இந்தப் பதில் எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்று கேட்டு, அந்த ஆவணத்தை நீங்களே திறந்து பார்க்க முடிந்தால் மட்டும் ஏற்கலாம். மருந்தளவை இவற்றிடம் கேட்கவே கூடாது.

ஒன்பதாம் படி: தொலைபேசியும் ஒரு தாளும்

இணையம் தர முடியாத பதில்களை நேரில் கேட்டுப் பெற வேண்டும். பகல் வேளையில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் தொலைபேசியில் பேசி, விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் பணி மருத்துவர் இருப்பாரா, செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கப்பட்டுள்ளது என்பதால் இது மருத்துவமனைகள் பதிலளித்துப் பழகிய கேள்விதான்.

சரிபார்த்த அனைத்தையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தோட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம். பாம்புக்கடிக்கான தாளில் இவ்வளவு போதும்: பாம்பை விட்டு விலகவும், 108-ஐ அழைக்கவும், கடித்த நேரத்தைக் குறிக்கவும், மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றவும், கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் செல்லவும், கட்ட, கீற, உறிஞ்ச, மருந்து பூச வேண்டாம், நம் மருத்துவமனை இது, தொலைபேசி எண் இது. தாளின் கீழே எழுதிய தேதியையும் எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கொரு முறை அதே ஆவணத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடி, மருத்துவமனை எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.